சாமை வந்த வழிக்கு மார்க்

ஒரு கம்பெனி தன் சரக்கை எங்கே வாங்குகிறது, எப்படி ஏற்றி வருகிறது, வழியில் இருக்கிற மனிதர்களை எப்படி நடத்துகிறது என்றெல்லாம் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவது என் தொழில்.

கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் "சப்ளை செயினை மதிப்பிடறேன்" என்பேன். "ஓ, நகைக்கடையா?" என்று கேட்டவர்கள் உண்டு. விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறேன்.

உங்களிலும் என்னைப் போல மார்க் போட்டுப் பிழைப்பவர்கள் இருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஹோட்டலுக்கு என்று ஏதாவது ஒன்றுக்குப் படிவம் நிரப்பி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்து அனுப்பிவிட்டு, ராத்திரி தட்டில் போட்ட சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரே முகம்

சென்னையில் ஒரு கம்பெனி. சிறுதானியம், தேன், புளி எல்லாம் அழகான பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். அவர்களிடம் வாங்குகிற பெரிய கடைகள் "உங்கள் சப்ளை செயினுக்கு மார்க் வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று கேட்டதால் எங்களிடம் வந்தார்கள். சாமை ஜவ்வாது மலையிலிருந்து வருகிறது என்றதும் எங்கள் மேலாளர் சபாபதி சார் என்னைக் கூப்பிட்டார். நான் வாணியம்பாடியில் பிறந்தவள். "உனக்கு ஊர்ப்பக்கம்தானேம்மா, நீயே போ" என்றார். அப்படித்தான் இந்த வினை என் தலையில் வந்து விழுந்தது.

கம்பெனியின் கொள்முதல் மேலாளர் பிரகாஷ் தங்கமான மனிதர். ஏசி அறையில் உட்கார வைத்து, சாமைப் பாக்கெட்டின் மேல் இருந்த கியூஆர் சதுரத்தை என் செல்போனில் ஸ்கேன் பண்ணச் சொன்னார். உடனே ஒரு விவசாயியின் படம் வந்தது. நீலச் சட்டை, நரைத்த மீசை, வாய் நிறையச் சிரிப்பு. கீழே காளியப்பன் என்று பெயர், ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு ஊர். "எந்த வயல்லேர்ந்து வந்ததுன்னு வாடிக்கையாளரே பாத்துக்கலாம் மேடம்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். சும்மா இருக்காமல் மேஜை மேலிருந்த தேன் பாட்டிலை ஸ்கேன் பண்ணினேன். காளியப்பன். புளிப் பாக்கெட்டை எடுத்தேன். அதே நீலச் சட்டை, அதே சிரிப்பு. நான் நிமிர்ந்து பிரகாஷைப் பார்த்தேன். அவருக்குக் கொஞ்சமும் சங்கடம் இல்லை.

"அவருக்குத்தான் மேடம் போட்டோவுல முகம் நல்லா விழுது."

நீலச் சட்டை

ஆடி மாசம் முதல் தடவை மலைக்குப் போனேன். ஆலங்காயத்தில் பஸ் ஏறி, காவலூரில் வானாய்வு மையத்து ஊழியர்கள் இறங்கிக்கொள்ள, நான் ஜமுனாமரத்தூர் வரைக்கும் போனேன். அங்கே ஜெயவேலு என்கிறவர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு மலைக் கிராமங்களின் சாமையைச் சேகரித்து, சுத்தம் பண்ணி, கம்பெனி வேனில் ஏற்றிவிடுகிறவர் அவர்தான். எங்கள் பாஷையில் சொன்னால், சப்ளையர். வயசு முப்பத்தஞ்சுக்குள் இருக்கும். பேச்சில் அதிராத ஆள்.

காளியப்பன் அப்போதுதான் சாமை விதைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை, தலையில் ஒரு துண்டு. "தேன் எடுப்பீங்களா?" என்று கேட்டேன். "தேனா? எனக்கு மரம் ஏறவே பயம்மா" என்றார். புளி? "ஒரு மரம் கீது. வூட்டுக் கொழம்புக்கே பத்தாது." நான் பாக்கெட்டை எடுத்து, முன்னமே போனில் இறக்கி வைத்திருந்த அவர் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தொட்டுப் பெரிசாக்கச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை, சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சட்ட என்னுது இல்லம்மா. அவுங்களே குடுத்து மாட்டிக்கச் சொன்னாங்க. போட்டோ எடுத்து முடிச்சதும் கயட்டி வாங்கினு பூட்டாங்க."

பதில் சொல்லும் வேகம்

எங்கள் படிவத்தில் 'சப்ளையர் பதில் சொல்லும் வேகம்' என்று ஒரு கேள்வி. முன்னறிவிப்பு இல்லாமல் மூன்று தடவை போன் பண்ண வேண்டும். எத்தனை மணி அடித்து எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மலைக்குக் கிளம்பும் முன்பே சென்னையிலிருந்து ஜெயவேலுவுக்கு மூன்று தடவை போட்டேன். மூன்றிலும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றாள் அந்த அம்மாள். பத்துக்குப் பூஜ்யம் போட்டேன். விதி அது.

மலையில் வண்டியில் போகும்போது ஒரு வளைவில் ஜெயவேலு சட்டென்று நிறுத்தினார். அந்த இடத்தில் ஏற்கனவே நாலைந்து பேர் போனும் கையுமாக நின்றிருந்தார்கள். ஒருத்தர் பாறை மேல் ஏறி நின்று மகளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் சிக்னல் கிடைக்கிற இடமே அதுதானாம். ஜெயவேலு காலையில் ஒரு தரமும் பொழுது சாய ஒரு தரமும் அங்கே வந்து நிற்பார். கிராமத்திலிருந்து அங்கே வர மூன்று மைல். எனக்கு மனசு கேட்கவில்லை. பூஜ்யம் போட்ட விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"என் போன் அடிக்கவே இல்லியே மேடம். அடிக்காத போன எப்படி எடுக்கறது?"

புகார்ப் பெட்டி

போன அறுவடைச் சாமையைப் புடைத்துச் சுத்தம் பண்ணுகிற கொட்டகையில் எட்டுப் பெண்கள். தகரக் கூரை. உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷம் எனக்கு இருமல் வந்துவிட்டது. தூசி அப்படிப் பறக்கிறது. அவர்கள் புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் கீழே ஓடைக்கு இறங்கிப் போய்க் குடத்தில் கொண்டுவர வேண்டும்.

'தொழிலாளர் குறை தெரிவிக்க வசதி உண்டா?' என்பது என் அடுத்த கேள்வி. உண்டு. சுவரில் பளபளவென்று ஒரு பெட்டி மாட்டியிருந்தது. கம்பெனியின் பெயர், பூட்டு, கீழே தொங்குகிற பேனா எல்லாம் சரியாக இருந்தது. சாவி சென்னையில் இருந்தது. யாராவது சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். எட்டுப் பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஒரே ஒருத்தி, வசந்தா. காளியப்பனின் மகள், பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை வயிற்றில், நாலாம் மாசம். அவள்தான் எல்லாருக்காகவும் ஒரு சீட்டு எழுதிப் போட்டாளாம். அது இன்னும் உள்ளேயே இருந்தது. பெட்டி இருந்ததால் அந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் போட வேண்டியதாயிற்று. போடும்போது என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தவள் கோவிந்தம்மா. கொட்டகையில் மூத்தவள்.

"பொட்டி சோக்காத்தான் கீது. நாங்க தண்ணி கேட்டோம், அவுங்க பொட்டி குடுத்தாங்க."

சிவப்பு

கார்த்திகையில் அறுவடை. முதல் லோடு சென்னைக்கு வர வேண்டிய நாளில் வரவில்லை. ஒன்றரை நாள் கழித்து வந்தது, பாதி மூட்டைகள் நனைந்து. கம்பெனி கோடவுனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விவரம் கணினி வழியாக என் மேஜைக்கு வந்தது. ஜெயவேலுவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்த வளைவு எனக்கு ஞாபகம் வந்தது. பொழுது சாயும் நேரம் மறுபடி போட்டேன். கிடைக்கவில்லை. மழையில் அந்த வளைவுக்கு யார் வந்து நிற்பார்கள்?

அறிக்கைக்குக் கெடு அன்றைக்கு மாலை. "முன்னறிவிப்பு இல்லாத தாமதம், சரக்குக்குப் பாதுகாப்பு இல்லை" என்று எழுதி அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கினேன். ஒரு கட்டம் சிவப்பானால் மொத்த சப்ளையரும் 'ஆபத்தானவர்' பட்டியலுக்குத் தானாகவே போய்விடுவார். நான் ஒன்றும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அனுப்புகிற பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். சபாபதி சார் அந்தப் பக்கம் போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"கெடுவுக்கு ஒரு மணி முன்னாடியே முடிச்சிட்டியே, இதுதாம்மா வேகம்."

அன்றைக்கு நடந்தது

தை மாசம் இரண்டாம் தடவை போனபோதுதான் கதை தெரிந்தது. யாரும் முறையிட்டுச் சொல்லவில்லை. காளியப்பன் வீட்டு வாசலில் ஒரு கைக்குழந்தை வெயிலில் எண்ணெய் தடவிக் கிடந்தது. "யார் குழந்தை?" என்று கேட்டேன். "நம்ம வசந்தா கொயந்த" என்று சொல்லிவிட்டு, சோளம் விற்ற கதை சொல்வது போல அவரே சொல்லிக்கொண்டு போனார்.

லோடு கிளம்பிய அன்றைக்கு மத்தியானம் வசந்தாவுக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது. ரத்தம் போக ஆரம்பித்ததும் ஊருக்கு வந்துபோகிற நர்ஸம்மா பயந்துபோய் ஆலங்காயத்துக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். வளைவுக்கு ஓடிப்போய் ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். மழையில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. அந்தப் பக்கமே நின்றுவிட்டது ஆம்புலன்ஸ். கிராமத்தில் நின்றிருந்த ஒரே வண்டி, மூட்டை ஏற்றிக் கிளம்பத் தயாராக இருந்த கம்பெனி வேன். மூட்டை பாரத்தோடு அந்தச் சேற்றைத் தாண்ட முடியாது. ஜெயவேலு பாதி மூட்டையை ரோட்டோரம் இறக்கச் சொன்னார். ஊரே வந்து இறக்கியது. மிச்ச மூட்டைகளைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, மூட்டையை மூடிய தார்ப்பாயை எடுத்து அவளுக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். மண் சரிந்த இடத்தில் ஆறு பேர் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறார்கள். ஆலங்காயத்தில் பார்த்துவிட்டு வாணியம்பாடிக்கு அனுப்பினார்கள். வேனே அங்கேயும் போனது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வேன் மறுநாள் திரும்பி வந்து, நனைந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனது.

நான் பக்கத்தில் நின்ற ஜெயவேலுவைப் பார்த்தேன். "ஏங்க, இதை அப்பவே கம்பெனிக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. நான் போன் பண்ணிய அன்றைக்கும் அவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கி ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், போன் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. அதையும் அவர் சொல்லவில்லை, காளியப்பன்தான் சொன்னார். ஜெயவேலு சொன்னது இவ்வளவுதான்:

"டிரைவரு, 'சரக்க இன்னா பண்றது'ன்னு கேட்டாரு. 'இறக்கு'ன்னேன். வேற இன்னா மேடம் சொல்ல முடியும்?"

காரணங்களின் பட்டியல்

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சிவப்பை மாற்ற உட்கார்ந்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாகனக் கோளாறு. வேலைநிறுத்தம். வானிலை. மற்றவை. 'மற்றவை' என்று போட்டால் சப்ளையரின் பொறுப்பின்மை என்று கணினி எடுத்துக்கொள்ளும். நான் அதில்தான் போட்டு, பக்கத்தில் நடந்ததை முழுக்க எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் போயிற்று. எழுதி அனுப்பிப் பார்த்தால், சிவப்பு சிவப்பாகவே இருந்தது. முதல் நாற்பது எழுத்தோடு என் கதையைக் கணினி வெட்டிவிட்டது.

சபாபதி சாரிடம் போனேன். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அந்த வருஷம்தான் பேத்தி பிறந்திருந்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிரசவம்னு எழுதினா சிவப்பு, மழைன்னு எழுதினா மஞ்சள். மழைன்னே எழுதும்மா. அன்னிக்கு மழையும் பெஞ்சுதுல்ல?"

ஆபத்து நீங்கியது

மழை என்று எழுதினேன். மஞ்சளாயிற்று. அதைச் சொல்லலாம் என்று பிரகாஷுக்குப் போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தார். என்னைப் பேச விடாமல் அவரே நன்றி சொன்னார். என் அறிக்கையைப் பார்த்து நிர்வாகம் முடிவெடுத்துவிட்டதாம். வருகிற அறுவடையிலிருந்து மலையில் வாங்கப் போவதில்லை. கீழே ஒரு வியாபாரியைப் பிடித்துவிட்டார்கள். "சார், அந்த மார்க்கை இப்ப மாத்தியாச்சு. அது அவங்க தப்பே இல்லை" என்று சொல்லி, வேன் கதையை ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "அய்யோ பாவம். குழந்தை நல்லா இருக்கா மேடம்?" என்று விசாரித்தார். நல்லா இருக்கு என்றேன். ஜெயவேலுவுக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். முறைப்படி கடிதம் போகும் என்றார். பாக்கெட்டில் இருக்கிற ஜவ்வாது மலை, காளியப்பன் படம் எல்லாம் என்ன ஆகும் என்றும் கேட்டேன்.

"அது இருக்கட்டும் மேடம், கவர் ரெண்டு வருஷத்துக்கு அடிச்சு வெச்சிட்டோம்."

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

புரட்டாசியில் அந்த வியாபாரியின் கோடவுனுக்கு மார்க் போடவும் என்னையே அனுப்பினார்கள். மலைக்குக் கீழே, சந்தவாசல் போகிற வழியில் இருந்தது. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்கான ஒரு சப்ளையரை நான் பார்த்ததில்லை. போன் இரண்டாவது மணியில் எடுக்கிறார்கள். குடிதண்ணீர் மெஷின் இருக்கிறது. புகார்ப் பெட்டி இருக்கிறது, சாவி அதன் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. தூசிக்கு முகமூடி. தீயணைப்பு வாளி. எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் நான் கேட்டு முடிப்பதற்குள் மேஜைக்கு வருகிறது.

எல்லாம் டிக் அடித்த பிறகு, என் வாய் சும்மா இருக்காமல் மேனேஜரிடம் கேட்டேன்: "இந்தச் சாமை எந்த ஊர்ல விளைஞ்சதுங்க?" லாரியில் வருகிறது என்றார். லாரி எங்கிருந்து? மண்டியிலிருந்து. மண்டிக்கு? அவர் சிரித்தார். வெளியே நின்ற லாரி டிரைவரைக் கேட்டேன். தான் ராத்திரி ஏற்றிய இடம்தான் தெரியும், அதுவும் இன்னொரு கோடவுன் என்றார். எந்த மாநிலத்துச் சாமை என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. எங்கள் படிவத்தில் 'சரக்கை வாங்கிய இடத்தின் ரசீது உண்டா' என்றுதான் இருக்கிறது, 'விளைந்த இடம் தெரியுமா' என்று இல்லை. ரசீது இருந்தது. கூட்டிப் பார்த்தேன், தொண்ணூற்றாறு வந்தது. மறுபடி கூட்டினேன். மறுபடியும் தொண்ணூற்றாறு. மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"உங்க ஃபாரத்துல கீற கேள்விக்கெல்லாம் நான் பதில் வெச்சிருக்கேன் மேடம். ஃபாரத்துல இல்லாத கேள்விய ஏன் கேக்கறீங்க?"

சொல்லப் போனது

சப்ளையரை நிறுத்திய விஷயத்தை மதிப்பிடுகிறவர்கள் சொல்லக்கூடாது, கம்பெனிதான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. அதைப் பிடித்துக்கொண்டு நான் பல மாசம் சும்மா இருந்தேன். இதை வீரமாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஆடியில் அவர்கள் விதைத்திருப்பார்கள் என்று தெரியும். ஐப்பசியில் கதிர் பிடித்திருக்கும் என்று தெரியும். கடிதம் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்கழியில் ஒரு நாள் அதற்கு மேல் முடியாமல், லீவு போட்டு, ஆலங்காயத்தில் பஸ் ஏறினேன்.

கடிதம் போகவில்லை. கொட்டகை முழுக்கக் கூரைவரை மூட்டை. அந்த வருஷம் நல்ல விளைச்சல். கோவிந்தம்மா இருமிக்கொண்டே கடைசி முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மூட்டை ஒவ்வொன்றிலும் வசந்தா தன் கையெழுத்தில் விவசாயியின் பெயரையும் ஊரையும் எழுதி அட்டை கட்டியிருந்தாள். எந்த வயலிலிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் படிவம் கேட்காத கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. ஜெயவேலு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வேன் எப்ப மேடம் வரும்? பத்து நாளா வளைவுல நின்னு போன் போட்றேன், எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

வராது என்றேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கோவிந்தம்மா முறத்தைக் கீழே வைத்தாள். காளியப்பன், "நாங்க இன்னா தப்பு பண்ணோம்மா?" என்று கேட்டார். தப்பு ஒன்றும் இல்லை, போன வருஷம் ஒரு லோடு தாமதமானது, அதை நான்தான் எழுதினேன் என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூலையில் உட்கார்ந்து அட்டை எழுதிக்கொண்டிருந்த வசந்தாதான் தலை நிமிர்ந்தாள். மடியில் பிள்ளை அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஏத்தினு போனதுக்கா மேடம்?"

மூட்டைகள் போன வழி

சென்னைக்கு வந்து எனக்குத் தெரிந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் போன் பண்ணினேன். எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "அவங்க மார்க் என்ன?" ஒரு தடவை சிவப்பானவர்கள் மஞ்சளானாலும் பழைய சிவப்பு ஓரத்தில் சின்னதாகத் தெரியும். அப்படிச் செய்யச் சொல்லி யோசனை கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி, அது வேறு விஷயம்.

மாசியில் ஜெயவேலுவிடமிருந்து போன் வந்தது. தினம் இரண்டு மூட்டையாகப் பஸ்ஸில் ஏற்றி ஆலங்காயத்துக்குக் கொண்டுபோய் உதிரியாக விற்றிருக்கிறார். கண்டக்டர்கள் நல்லவர்கள், ஏற்றிக்கொள்கிறார்கள் என்றார். பாதிக்கு மேல் இன்னும் கொட்டகையில் கிடந்து வண்டு பிடிக்கத் தொடங்கியிருந்தது. கோவிந்தம்மாவைக் காசநோயோ என்று பரிசோதிக்க அழைத்துப் போயிருந்தார்கள். முடிவு வரவில்லை. காளியப்பன் வீட்டைப் பூட்டிவிட்டு, மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு கர்நாடகத்தில் ஒரு காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். வருகிற ஆடிக்கு விதைக்க வருவாரா என்று கேட்டேன்.

"அவுரு வெதைச் சாமையவே ஆக்கித் துன்னுட்டுத்தான் மேடம் போனாரு."

ஐந்துக்கு ஐந்து

அதே போனில் இன்னொன்றும் சொன்னார். வருஷ முடிவில் எங்கள் அலுவலகம் சப்ளையர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். உங்களை மதிப்பிட வந்தவர் எப்படி நடந்துகொண்டார், மரியாதையாகப் பேசினாரா, சொன்ன நேரத்துக்கு வந்தாரா என்று ஐந்து கேள்வி. பட்டியலிலிருந்து யாரை எடுத்தாலும் அந்தச் செய்தி மட்டும் நிற்காது. ஜெயவேலுவுக்கும் போயிருக்கிறது. வளைவில் வெயிலில் நின்று, ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, நிரப்பி அனுப்பியிருக்கிறார். என்ன போட்டிருப்பார் என்று எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. பூஜ்யம் போட்டிருந்தால் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பேன். அவரே சொன்னார்.

"எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு போட்டேன் மேடம். நேர்ல வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தானே, உங்களுக்காவது நல்ல மார்க் வரட்டும்."

ஆகவே, மார்க் போட்டுப் பிழைக்கும் என் சக பாவிகளே, நம் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: நாம் போய் அளந்துவிட்டு வந்த பிறகு ஏதாவது ஒன்று கட்டாயம் சரியாகிவிடுகிறது, பெரும்பாலும் அது நம் அறிக்கை.